இத்தாலிய மொழிக்கு ஆங்கிலம் வழியாகப் போவானேன்?

‘இயோ பியாச்சோ லா பித்ஸா.’ இத்தாலியன் படிக்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் சில வாரங்களில் எழுதும் வாக்கியங்களில் இது தவறாமல் வந்துவிடும். ‘எனக்கு பீட்சா பிடிக்கும்’ என்று சொல்வதுதான் நோக்கம். இத்தாலியரின் காதில் விழுவதோ, ‘நான் பிறருக்குப் பிடித்தமானவன்’ என்று தொடங்கி, நடுவில் பீட்சா எதற்கு வந்தது என்று தெரியாமல் நிற்கும் ஒரு வாக்கியம். இதை எழுதியவர் தமிழில் யோசித்திருந்தால் இந்தத் தவறு வந்தே இருக்காது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். தமிழில் யோசித்தவர் ‘எனக்கு’ என்று தொடங்கியிருப்பார்; இத்தாலியனும் அப்படியே ‘மி’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அவர் கையில் இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகம், அல்லது ஆங்கிலத்தில் விளக்கும் செயலி. ‘நான்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தை முதலில் மனத்தில் கட்டி, பிறகு அதைச் சொல்லுக்குச் சொல் இத்தாலியனாக மாற்றுகிறார். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி வருவது போன்ற வேலை இது.

இந்த மொழி பலருக்கு இன்று தேவையாகிவிட்டது. மிலான், தூரின், பதோவா, பொலோஞ்ஞா பல்கலைக்கழகங்களில் முதுகலை வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் நாட்டுக்குள் நுழைந்த 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கான படிவ உறையைத் தரும் அஞ்சலகத்திலும், கைரேகை எடுக்கும் க்வெஸ்தூரா என்ற காவல்துறை அலுவலகத்திலும் இத்தாலியன் இல்லாமல் நகர முடியாது. நீண்டகாலத் தங்கும் அனுமதிக்கு ஏ2 நிலைத் தேர்ச்சி வேண்டும் (ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவில் ஏ1 முதல் படி, ஏ2 அடுத்தது, பி1 அதற்கும் மேல்). 2018 டிசம்பரிலிருந்து குடியுரிமைக்கு பி1 நிலை வேண்டும். பெரூஜா பல்கலைக்கழகத்தின் ‘செலி’, ஸியேனா பல்கலைக்கழகத்தின் ‘சில்ஸ்’, தாந்தே அலிகியேரி சங்கத்தின் ‘ப்லிதா’ ஆகிய சான்றிதழ்கள் இதற்குச் செல்லும். தொடக்கநிலை இலக்கணத்தைக் குறைந்த பாடுபட்டுப் பிடிக்க வேண்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழே எங்கெல்லாம் உதவும், எங்கே ஏமாற்றும், எங்கே கைவிடும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு, உனக்கு, மரியாவுக்கு

‘மி பியாச்சே இல் கஃப்பெ’ என்றால் ‘எனக்குக் காப்பி பிடிக்கும்.’ மி என்பது எனக்கு. தி உனக்கு, ல்யி அவனுக்கு, லே அவளுக்கு, சி நமக்கு, வி உங்களுக்கு. பெயர் வந்தால் முன்னால் ‘ஆ’ சேரும்: ‘ஆ மரியா பியாச்சே இல் தே’, மரியாவுக்குத் தேநீர் பிடிக்கும். நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ செய்யும் வேலையைத்தான் அந்த ‘ஆ’ செய்கிறது. நாம் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வாக்கியத்தில் எழுவாய் ‘நான்’ இல்லை, காப்பி. இதைப் பிடித்துக்கொண்டவருக்கு மற்றதெல்லாம் சரசரவென்று வரும். பிடித்த பொருள் பல என்றால் வினையும் பன்மையாகும்: ‘மி பியாச்சொனோ இ லிப்ரி’, எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும். தமிழில் ‘பிடிக்கும்’ என்ற வடிவம் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றேதான், அதனால் இந்த ‘பியாச்சொனோ’வை நாம் மறந்துவிடுவோம். மறக்காமல் இருக்க ‘இனித்தல்’ என்ற வினையை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மாம்பழம் எனக்கு இனிக்கிறது, மாம்பழங்கள் எனக்கு இனிக்கின்றன, நீ எனக்கு இனிக்கிறாய். மூன்றாவது வாக்கியம்தான் ‘மி பியாச்சி’. தமிழில் ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்று ‘ஐ’ உருபு சேர்க்கிறோம். இத்தாலியனில் அந்த ‘ஐ’யைக் கழற்றிவிட வேண்டும். ‘தி பியாச்சோ?’ என்றால் ‘உனக்கு என்னைப் பிடிக்குமா?’ முதல் வாக்கியத்தில் வந்த ‘பியாச்சோ’வின் உண்மையான இடம் இதுதான்.

ஆங்கிலம் வழியாக வந்தவர் இதற்குப் பிறகும் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார். தமிழ் வழியாக வந்தவர் விழமாட்டார். ஒன்று, ‘எனக்குப் பாடப் பிடிக்கும்.’ நாம் ‘பாட’ என்கிறோம், இத்தாலியனும் வினையின் மூல வடிவத்தையே வைக்கிறது: ‘மி பியாச்சே கன்த்தாரே’. இன்னொன்று, பிறர் சொன்னதை ஆமோதிப்பது. ஒருவர் ‘மி பியாச்சே இல் மாரே’, எனக்குக் கடல் பிடிக்கும் என்றால் பதில் ‘அன்கே ஆ மே’, எனக்கும். ஒருவர் ‘வாதோ அல் மாரே’, கடற்கரைக்குப் போகிறேன் என்றால் பதில் ‘அன்க் இயோ’, நானும். எனக்கும், நானும் என்ற இந்த வேறுபாடு நமக்கு மூன்று வயதிலேயே வந்துவிட்டது. ஆங்கிலப் புத்தகங்கள் இதற்கு ஒரு பக்கம் செலவழிக்கின்றன.

இறந்தகாலத்திலும் பொருளே ஆட்சி செய்யும். படம் பிடித்தது என்றால் ‘மி எ பியாச்சூத்தோ இல் ஃபில்ம்’. ஃபில்ம் ஆண்பால், அதனால் ஈற்றில் ‘ஓ’. நகரம் பிடித்தது என்றால் ‘மி எ பியாச்சூத்தா லா சித்தா’. சித்தா பெண்பால், அதனால் ‘ஆ’. பல என்றால் ‘மி ஸோனோ பியாச்சூத்தி’, எல்லாம் பெண்பால் என்றால் ‘பியாச்சூத்தே’.

இதே குடும்பத்தில் இன்னும் பல வினைகள் உண்டு. எனக்குத் தேவை: ‘மி ஸெர்வே’. எனக்குப் போதும்: ‘மி பாஸ்தா’. எனக்குத் தோன்றுகிறது: ‘மி ஸெம்ப்ரா’. எனக்குத் தலை வலிக்கிறது: ‘மி ஃபா மாலே லா தெஸ்தா’. எனக்கு இப்போது மனமில்லை: ‘நோன் மி வா’. பிரிந்திருப்பவரிடம் சொல்லும் ‘மி மன்க்கி’ என்பதில் எழுவாய் ‘நீ’: நீ எனக்குக் குறைகிறாய். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை ‘தி மன்க்கோ’ என்று திருப்பிப் போடுகிறவர்கள், ‘நான் இல்லாமல் நீ ஏங்குகிறாய்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு செய்தி இங்கே பொருந்தும். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் கொஸ்தான்ஸோ பெஸ்கி, 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில் பிறந்தவர். மக்கள் பேசும் தமிழுக்கான இலக்கணத்தை அவர் லத்தீனில் எழுதினார். லத்தீனிலும் ‘மிஹி ப்லாசெத்’, எனக்குப் பிடிக்கும் என்றுதான் வாக்கியம் அமையும். இத்தாலியிலிருந்து தமிழுக்கு வந்தவருக்கு இடையில் ஆங்கிலம் தேவைப்படவில்லை.

‘எனக்கு’ ஏமாற்றும் இடங்கள்

எல்லா ‘எனக்கு’களும் ‘மி’ ஆகா. உடம்பிலும் மனத்திலும் வந்துபோகும் நிலைகளைத் தமிழ் ‘எனக்கு’ என்று சொல்லும். இத்தாலியன் அவற்றைக் கையில் வைத்திருக்கும் பொருள்போல், ‘உடைமை’ வினையான அவேரேயைக் கொண்டு சொல்லும். எனக்குப் பசிக்கிறது: ‘ஓ ஃபாமே’. தாகமாக இருக்கிறது: ‘ஓ ஸேத்தே’. தூக்கம் வருகிறது: ‘ஓ ஸொன்னோ’. குளிர்கிறது: ‘ஓ ஃப்ரெத்தோ’. பயமாக இருக்கிறது: ‘ஓ பவூரா’. வயது, தம்பி தங்கை, காய்ச்சல் எல்லாம் இதே ‘ஓ’தான். இங்கே ஆங்கிலம் இன்னும் மோசமாக ஏமாற்றும். ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்ற அமைப்பில் ‘ஸோனோ ஃபாமே’ என்று சொல்ல வைக்கும். வழிகாட்டி எளிது: பசி, தாகம், தூக்கம், பயம், வயது என்று பெயர்ச்சொல்லாக நிற்பதற்கு ‘ஓ’, தேவைப்படு, தோன்று, போது என்று வினையாக நிற்பதற்கு ‘மி’. முழுக்கச் சரியான விதி இல்லை, ஆனால் ஏ1 நிலைக்குத் தாங்கும்.

‘எனக்குத் தெரியும்’ என்பது இரண்டாகப் பிரியும். செய்தியோ செயலோ தெரியும் என்றால் ஸபேரே: ‘லோ ஸோ’, அது எனக்குத் தெரியும், ‘ஸோ நுவோத்தாரே’, நீந்தத் தெரியும். ஆளையோ ஊரையோ தெரியும் என்றால் கொனோஷெரே: ‘கொனோஸ்கோ மரியா’. நீந்தத் தெரியும், இன்று காய்ச்சல், அதனால் நீந்த முடியாது என்பதை இத்தாலியன் தமிழ் போலவே இரண்டு வினைகளால் சொல்லும். ‘முடியும்’ என்பதற்குப் பொத்தேரே. ‘வேண்டும்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. ‘நான் போகணும்’ என்பது ஆசையா கட்டாயமா என்று தமிழில் சொல்லாமலே விடலாம். இத்தாலியனில் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்: ஆசை என்றால் ‘வொல்யோ’, கட்டாயம் என்றால் ‘தேவோ’. கடையில் கேட்கும்போது ‘வொல்யோ’ முரட்டுத்தனமாகக் கேட்கும். ‘வொர்ரேய்’ என்பதே மரியாதை.

காதும் நாக்கும்

இந்தப் பகுதியை எந்தப் பாடப்புத்தகமும் நமக்காக எழுதவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நல்ல செய்தி. ஒற்றை மெய், இரட்டை மெய் வேறுபாடு இத்தாலியனின் உயிர்நாடி. பாலா என்றால் மண்வெட்டி, பல்லா என்றால் பந்து. காஸா வீடு, கஸ்ஸா கடையில் பணம் கட்டும் இடம். நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. இரட்டை மெய்க்கு முன்னால் உயிர் குறுகும், ஒற்றைக்கு முன்னால் அழுத்தமுள்ள உயிர் நீளும். ஆங்கிலம் பேசுபவர்கள் ஆண்டுக்கணக்கில் திணறும் இடம் இது. பனியையும் பன்னியையும் பிரித்துக் கேட்கும் காதுக்கு இதில் சிரமமே இல்லை. வயதைச் சொல்லும் ‘அன்னி’யில் இரண்டு ‘ன்’னும் கேட்க வேண்டும், ஒன்று குறைந்தால் உடம்பில் சபையில் சொல்லக்கூடாத இடத்தின் பெயர் ஆகிவிடும்.

அடுத்து, இத்தாலிய ‘த’ நம் ‘த’தான், ‘ட’ இல்லை. துத்தோ, ஸ்பகெத்தி, ரிஸொத்தோ என்று நாக்கு பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்ததால்தான் ஸ்பகெட்டி, ரிசொட்டோ என்கிறோம். ஜி, என் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்தால் வரும் ஒலி அப்படியே நம் ‘ஞ’: ஸிஞ்ஞோரா, பாஞ்ஞோ, ஞொக்கி. ஸி எழுத்துக்குப் பின் எச் வந்தால் ‘க’, அதனால் ப்ருஸ்கெத்தா, ‘ப்ருஷெட்டா’ கிடையாது.

இனி கெட்ட செய்தி. தமிழில் வல்லினம் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வந்தால் மெலிந்துவிடும், இரட்டித்தால்தான் வலிமையாக ஒலிக்கும். மூக்கொலிக்குப் பின்னாலும் மெலியும். இத்தாலியனிலோ நான்கு நிலைகள் உண்டு: வலிய ஒற்றை, வலிய இரட்டை, மெலிந்த ஒற்றை, மெலிந்த இரட்டை. நம்மிடம் இருப்பவை மெலிந்த ஒற்றையும் வலிய இரட்டையும் மட்டும். அந்த நாட்டின் பெயரிலேயே இது தெரிகிறது. அவர்கள் ஒற்றை வலிய ‘த’ வைத்துச் சொல்வதை நாம் ‘இத்தாலி’ என்று இரட்டித்துவிட்டோம், ஏனென்றால் ‘இதாலி’ என்று எழுதினால் ‘த’ மெலிந்துவிடும். தாகம் ஒற்றைத் ‘த’, ஏழு இரட்டைத் ‘த’. தமிழில் எழுதினால் ஸேத்தே, ஸெத்தே என்று இரண்டிலும் இரட்டையே வந்து நிற்கிறது. நண்பனைச் சொல்லும் சொல்லை ‘அமிகோ’ என்று எழுதினால் மெலிகிறது, ‘அமிக்கோ’ என்றால் இரட்டிக்கிறது.

சரிசெய்யும் வழி உண்டு. தமிழில் சொல்லின் முதலில் வரும் வல்லினம் வலிமையாகவே ஒலிக்கும். ஆகவே அந்த இடத்தில் புதுச் சொல் தொடங்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். ‘இ’ என்று சொல்லி, ‘தாலி’ என்ற சொல்லைத் தொடங்குவதுபோல் ‘தாலியா’ என்று சொல்லிப் பாருங்கள். இடைவெளியை மெல்லக் குறையுங்கள். அப்படியே ‘அமீ’க்குப் பின் கோயிலின் ‘கோ’, ‘ஸே’க்குப் பின் தென்னையின் ‘தெ’. தினமும் பத்துச் சொற்களை இப்படி உரக்கச் சொல்லிப் பழகினால் நாக்கு வழிக்கு வரும்.

மெலிந்த இரட்டை இதைவிடக் கடினம். குளிர்ந்தவள் என்பதற்கும் அவசரம் என்பதற்கும் தமிழில் ‘ஃப்ரெத்தா’ என்று ஒரே எழுத்துதான் வருகிறது. முன்னதில் ‘பந்து’வில் ஒலிக்கும் ‘த’ இரண்டு மடங்காக நிற்க வேண்டும், பின்னதில் ‘பத்து’வின் ‘த்த’. மூக்கொலிச் சிக்கலுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘எப்போது’, ‘எவ்வளவு’ இரண்டையும் நாம் ‘குவாந்தோ’ என்றே சொல்லிவிடுவோம். கடையில் விலை கேட்க வேண்டியது ‘குவான்-தோ கொஸ்தா?’, ‘தோ’ தோசையின் ‘தோ’வாக ஒலிக்க வேண்டும். மெலித்துச் சொன்னால் ‘எப்போது விலை?’ என்று ஆகிவிடும். ‘ரர’ என்று உருண்டு வரும் இரட்டையும் நமக்குப் புதிது, தமிழில் ‘ர’ இரட்டிக்காது. ‘வொர்ரேய்’ சொல்லிச் சொல்லித்தான் வரும்.

அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில். விலகல்களில் அன்றாடம் தேவைப்படுவது வினையின் ‘அவர்கள்’ வடிவம்: அழுத்தம் பின்னால் நகராமல், ‘நான்’ வடிவத்தில் இருந்த அசையிலேயே நிற்கும். பார்லோ, பார்லனோ, ‘பர்லானோ’ இல்லை.

விகுதியும் மரியாதையும்

பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள். பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லனோ. யார் என்பதை விகுதியே சொல்லிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ தேவையில்லை. ஆங்கிலப் பழக்கத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘இயோ’ போடுகிறவரின் பேச்சு, ‘நான்தான் போகிறேன், நான்தான் சாப்பிடுகிறேன்’ என்று மார்தட்டுவதாகக் கேட்கும். மாறாக, தமிழ்ப் பழக்கம் கெடுக்கும் இடமும் ஒன்று உண்டு: ‘அவர் ஆசிரியர்’ என்பதில் நமக்கு வினையே வேண்டாம். இத்தாலியனில் ‘எ’ என்ற வினை கட்டாயம், ‘எ இன்ஸெஞ்ஞான்தே’.

நீ, நீங்கள் வேறுபாடு அங்கேயும் உண்டு, ஆனால் ‘நீங்கள்’ பன்மை இல்லை. மரியாதைக்குரிய ஒருவரிடம் ‘லேய்’ போட்டு, வினையைப் படர்க்கை ஒருமையில் வைக்க வேண்டும். பெரியவரின் முகத்துக்கு நேராகவே ‘ஐயா எப்ப வந்தாங்க?’ என்று படர்க்கையில் கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா, அந்த மனநிலைதான். நண்பனிடம் ‘கோமே ஸ்தாய்?’, வீட்டு உரிமையாளரிடம் ‘கோமே ஸ்தா?’ நண்பனிடம் ‘ஸ்கூஸா’, அதிகாரியிடம் ‘ஸ்கூஸி’. தமிழர்கள் ‘நீங்கள்’ நினைவில் ‘வோய்’ போட்டுவிடுவார்கள். பாசிச ஆட்சி 1938இல் ‘லேய்’யை ஒழித்து ‘வோய்’யைத் திணிக்கப் பார்த்தது, ஆட்சி போனதும் ‘லேய்’ திரும்பிவிட்டது. தெற்கே நாப்போலிப் பக்கம் மூத்தவர்களிடம் மரியாதைக்கு ‘வோய்’ சொல்வதை இன்றும் கேட்கலாம். நீங்கள் அலுவலகத்தில் ‘லேய்’யை விட்டு விலக வேண்டாம்.

டாக்டர்கிட்ட, மூணு வருஷமா

பெயருக்கு முன்னால் வரும் ‘ஆ’, ‘தா’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொற்கள் என்றாலே பயம்தான், ஆனால் ஓர் இடத்தில் தமிழ் அழகாகக் கைகொடுக்கும். ஊருக்குப் போகிறேன், டாக்டர்கிட்ட போகிறேன். இடம் என்றால் ‘கு’, ஆள் என்றால் ‘கிட்ட’. இத்தாலியனும் அதே பிரிவினையைச் செய்கிறது: ‘வாதோ ஆ ரோமா’, ‘வாதோ தால் மேதிக்கோ’. மருத்துவர், முடிவெட்டுபவர், பாட்டி, நண்பன், யாரிடம் போனாலும் ‘தா’ (‘இல்’லோடு சேர்ந்தால் ‘தால்’). அதே ‘தா’ ‘இருந்து’ என்றும் பொருள் தரும்: ‘வெங்கோ தா மதுரை’. நகரத்துக்கு ‘ஆ’, நாட்டுக்கு ‘இன்’ என்பதை மட்டும் தனியே நினைவில் வைக்க வேண்டும்: ‘அபித்தோ ஆ மிலானோ, இன் இத்தாலியா’.

கால அளவிலும் இப்படியே. ‘மூணு வருஷமா இங்க இருக்கேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம். இத்தாலியனும் நிகழ்காலம்தான்: ‘அபித்தோ குவீ தா த்ரே அன்னி’. ‘நாளைக்குப் போறேன்’ என்பதும் நிகழ்காலமே: ‘தொமானி வாதோ’. எதிர்காலத்துக்கான தனி வடிவங்களை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிவைக்கலாம். ஆங்கிலப் புத்தகம் மூன்று வருட வாக்கியத்தை ஒரு கூட்டுக்காலமாக விளக்கப் போய்க் குழப்பும்; அந்தப் பக்கத்தைப் படிக்காமலே தாண்டிவிடலாம்.

முடிந்தது, முடித்தேன்

அன்றாட இறந்தகாலம் இரண்டு சொற்களால் ஆனது. துணைவினையாக ‘இருத்தல்’ வினையான எஸ்ஸெரே (எ, ஸோனோ) அல்லது அவேரே (ஓ, ஆ, அன்னோ), அதன்பின் எச்ச வடிவம். எதற்கு எது என்பதுதான் மாணவர்களின் தலைவலி. போ, வா, புறப்படு, பிற, இற, ஆகு, தங்கு போன்ற வினைகளுக்கு எஸ்ஸெரே என்று பட்டியலை உருப்போடச் சொல்வார்கள். அதோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள்: ‘படம் முடிந்தது’ என்றால் ‘இல் ஃபில்ம் எ ஃபினீத்தோ’, ‘புத்தகத்தை முடித்தேன்’ என்றால் ‘ஓ ஃபினீத்தோ இல் லிப்ரோ’. மாறினான் என்றால் ‘எ கம்பியாத்தோ’, மாற்றினான் என்றால் ‘ஆ கம்பியாத்தோ’. விலை கூடியது ‘எ’, விலையைக் கூட்டினார்கள் ‘அன்னோ’. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்த வேறுபாடு இங்கே துணைவினையாக வந்து நிற்கிறது. இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. தூங்கினேன், நடந்தேன், பயணம் செய்தேன் மூன்றுக்கும் செயப்படுபொருள் இல்லை என்றாலும் ‘ஓ தொர்மீத்தோ’, ‘ஓ கம்மினாத்தோ’, ‘ஓ வியஜ்ஜாத்தோ’தான்.

எஸ்ஸெரே வந்தால் எச்சம் எழுவாயின் பாலைக் காட்டும். தமிழில் போனான், போனாள் என்று படர்க்கையில் மட்டும் பால் தெரியும், ‘போனேன்’ என்பதில் தெரியாது. இத்தாலியனில் தன்மையிலும் தெரிய வேண்டும்: ஆண் ‘ஸோனோ அந்தாத்தோ’, பெண் ‘ஸோனோ அந்தாத்தா’. பாடப்புத்தக மாதிரி வாக்கியங்கள் ஆண்பாலில் இருந்தால் பெண்கள் தொடக்கத்திலிருந்தே மாற்றிச் சொல்லிப் பழக வேண்டும். ஒழுங்கற்ற எச்சங்களில் ஃபாத்தோ, தெத்தோ, ஸ்க்ரித்தோ, லெத்தோ, ப்ரேஸோ, மெஸ்ஸோ, விஸ்தோ, ஸ்தாத்தோ ஆகிய எட்டும் முதலில் வேண்டும்: செய்த, சொன்ன, எழுதிய, படித்த, எடுத்த, வைத்த, பார்த்த, இருந்த.

தமிழ் கைவிடும் இடம்

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘இல்’, ‘லா’ போன்ற சுட்டுச்சொல்லும் பொருள்களின் பாலும். இங்கே குறுக்குவழி இல்லை. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை. அவர்களுக்கு மேசை ஆண், நாற்காலி பெண். பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிப்பதை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். குறிப்பேட்டில் ‘தாவொலோ’ என்று எழுதாமல் ‘இல் தாவொலோ’ என்றும், ‘லா ஸெத்யா’ என்றும் சேர்த்து எழுதுங்கள். உயிரில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் சுட்டு ‘ல்’ என்று சுருங்கிப் பாலை மறைத்துவிடும், அங்கே ஓர் அடைமொழியையும் சேர்த்து எழுதுங்கள். ஓகார ஈறு ஆண், பன்மை இகரம். ஆகார ஈறு பெண், பன்மை ஏகாரம். ஏகார ஈறு எதுவும் ஆகலாம், பன்மை இகரம். ‘த்ஸியோனே’ என்று முடிந்தால் பெண். கை என்ற ‘மானோ’ ஓகாரத்தில் முடிந்தாலும் பெண், ‘ப்ரொப்ளேமா’ ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண். முட்டையும் விரலும் ஒருமையில் ஆண், பன்மையில் பெண்: ‘ல் உவோவோ, லே உவோவா’, ‘இல் தீத்தோ, லே தீத்தா’.

ஆண்பாலில் எஸ் எழுத்தோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்கினாலோ, இஸட், ஞ ஒலிகளில் தொடங்கினாலோ ‘இல்’ போய் ‘லோ’ வரும், பன்மையில் ‘ல்யி’: லோ ஸ்துதென்த்தே, ல்யி ஸ்துதென்த்தி. உறவுகளுக்கு ஒரு சலுகை உண்டு: ‘என் புத்தகம்’ என்பதற்கு ‘இல் மியோ லிப்ரோ’ என்று சுட்டு வேண்டும், ‘என் அம்மா’ என்பதற்கு ‘மியா மாத்ரே’ போதும். சகோதரர்கள் என்று பன்மையானால் சுட்டு திரும்பிவிடும், ‘இ மியேய் ஃப்ரதெல்லி’. அண்ணனா தம்பியா என்று அந்தச் சொல் சொல்லாது. ‘நிப்போத்தே’ என்றால் பேரன், பேத்தி, உடன்பிறந்தவரின் மகன், மகள் நால்வருமே.

கடையிலும் வாசலிலும்

காப்பிக் கடைக்கு அங்கே ‘பார்’ என்று பெயர். ‘உன் கஃப்பெ, பெர் ஃபவோரே’ என்றால் சின்னக் கோப்பையில் எஸ்ப்ரெஸ்ஸோ வரும். ‘லாத்தே’ என்று கேட்டால் வெறும் பால்தான் வரும். கூட்டமான இடங்களில் முதலில் கஸ்ஸாவில் பணம் கட்டி, ரசீதை வாங்கி, பிறகு முகப்பில் காட்ட வேண்டும். கடைக்காரர் ‘தீக்கா’ என்பார். நம் கடைக்காரர் ‘சொல்லுங்க’ என்பாரே, அதேதான். பீட்சாவில் ‘பெப்பெரோனி’ என்று பார்த்து இறைச்சி என்று ஒதுக்க வேண்டாம், அது குடைமிளகாய். சைவர்கள் ‘ஸென்த்ஸா கார்னே ஏ ஸென்த்ஸா பேஷ்ஷே’ என்று இறைச்சியும் மீனும் இல்லாமல் கேட்பதோடு நிறுத்தக் கூடாது. ரிஸொத்தோவையும் சூப்பையும் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பது வழக்கம். ‘செ ப்ரோதோ தி கார்னே?’ என்று கேட்டுவிடுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்வதையும் தெரிந்து முடிவெடுங்கள்.

வந்ததும் ‘புவோஞ்ஜோர்னோ’, கிளம்பும்போது ‘புவோனா ஜொர்னாத்தா’; இரண்டையும் மாற்றக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊருக்கு ஊர் மாறுபடும் ஒரு நேரத்தில் ‘புவோனஸேரா’ தொடங்கும். ‘சாவ்’ நண்பர்களுக்கு மட்டும், சந்தேகமிருந்தால் ‘ஸால்வே’. பிறர் வீட்டு வாசலைத் தாண்டும்போது ‘பெர்மெஸ்ஸோ?’ என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். வேலையில் இருப்பவரிடமிருந்து விடைபெறும்போது ‘புவோன் லவோரோ’ என்றால் முகம் மலரும். தேர்வுக்குப் போகிறவருக்கு ‘இன் பொக்கா அல் லூப்போ’. அதற்கு நன்றி சொல்லாமல் ‘க்ரேப்பி’ என்று பதில் சொல்வதே மரபு. புரியாதபோது ‘நோன் ஓ கப்பீத்தோ’ என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும், நம் ‘புரியல’க்குச் சமம். அதோடு ‘புவோ ரிபேத்தெரே?’ சேர்த்தால் யாரும் திரும்பச் சொல்வார்கள்.

இறந்தகாலத்துக்கு ‘பஸ்ஸாத்தோ ரெமோத்தோ’ என்று இன்னொரு வடிவம் புத்தகத்தின் பின்பகுதியில் வரும். வடக்கே மிலான், தூரின் பக்கம் போகிறவர்கள் ஏ2 முடியும்வரை அதைத் தொட வேண்டியதில்லை. அங்கே பேச்சில் அது அனேகமாக இல்லை, கதைப் புத்தகத்தில்தான் இருக்கும். சிசிலியில் நிலைமை வேறு. ஈழத் தமிழர்கள் பல காலமாக வாழும் பலெர்மோவில், இன்று காலையில் நடந்ததைக்கூட மக்கள் அந்த வடிவத்தில் சொல்வார்கள். அங்கே குடியேறுகிறவர் பேசுவதற்கு இல்லாவிட்டாலும் காதில் விழும்போது புரிவதற்காக, அந்தாய், ஃபேச்சி, திஸ்ஸி, வீதி ஆகிய நான்கையும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்: போனேன், செய்தேன், சொன்னேன், பார்த்தேன்.